மாயக்காள் தண்ணீருக்கு வந்த பழி

அன்பு மகள் சுகந்திக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் நலம், அவள் என்னோடு பேசாமல் இருப்பதால் நான் கூடுதல் நலம். கனடாக் குளிரில் நீயும் மாப்பிள்ளையும் காதை மூடிக்கொண்டு சௌகரியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். மாயக்காள் அத்தை போர்வெல்லுக்குப் பூட்டுப் போட்டதைப் போனில் சொன்னேன் அல்லவா, அதைப் போடவைத்த மகா அறிவாளி உன் அப்பன்தான். ஊர் முழுக்க உப்புத் தண்ணீர், மாயக்காள் தன் புஞ்சையில் போட்ட போர் ஒன்றுதான் வாயில் வைக்கும்படி இருக்கும், அதையும் எல்லோருக்கும் சும்மா விட்டிருந்தாள். அந்தத் தண்ணீரைச் சோதனைக்குக் கொண்டுபோகும் வேலையைப் பஞ்சாயத்தில் என் தலையில் கட்டினார்கள். லேபில் பிளாஸ்டிக் பாட்டில் கொடுத்திருந்தார்கள். ஊர்த் தண்ணீர் அருப்புக்கோட்டைக்குப் போகிறது, பிளாஸ்டிக்கிலா பிடிப்பது என்று எனக்கு ஒரு கெத்து. கோயிலுக்குத் தீர்த்தம் எடுக்கிற செப்புக் குடத்தைப் புளி போட்டுத் தேய்த்து, ஒழுங்காக அலசாமல் அதில் பிடித்தேன். கிளம்பும்போது ராகு காலம், அது முடிவதற்குள் பஸ் போய்விட்டது. ராத்திரி சாமி படத்துக்கு முன்னால் வைத்திருந்து, காலையில் பாட்டிலில் ஊற்றிக் கொடுத்தேன்.

ரிசல்ட்டில் தாமிரம் அளவுக்கு மேல் என்று வந்ததும் பஞ்சாயத்தில் பூட்டுப் போட்டுவிட்டுத் தண்ணீர் லாரி விட்டார்கள். எலுமிச்சைக்குத் தாமிரம் கலந்த மயில்துத்த மருந்தை அடித்தே மாயக்காள் தண்ணீரைக் கெடுத்துவிட்டாள் என்று லாரி வரிசையில் நின்று ஊரே பேசியது. அவள் பேரன் காதுகுத்துக்குப் போனவர்கள் காப்பியைத் தொடாமல் எழுந்து வந்தார்கள், நானும்தான். மறு சோதனைக்கு எழுதிக் கொடுக்கப் போனபோது, லேபில் இருந்த பெண் முன்பு எதில் பிடித்தீர்கள் என்று கேட்டாள். பெருமையாகச் சொன்னேன். அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு, குடத்துத் தாமிரம்தான் ஐயா தண்ணீரில் இறங்கியிருக்கிறது என்றாள். யாரும் இல்லாத நேரம் பார்த்து மாயக்காள் வீட்டுக்குப் பின்வாசல் வழியாகப் போய், மென்று முழுங்கிச் சொன்னேன். அவள் ஏசவில்லை. "ஏண்ணே, என்னையப் பேசுனப்ப தண்ணி லாரி வரிசையில நின்னு ஊரு கேக்கத்தான பேசுனீக? இப்ப மட்டும் எதுக்குக் கொல்லப்பக்கமா வாரீக?" என்றாள். மறுநாள் லாரி வரிசையில் நின்று எல்லோரும் கேட்கச் சொன்னேன். எனக்கு முன்னால் நின்ற மருதுபாண்டி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான், உன் அம்மா அன்றைக்குப் பேச்சை நிறுத்தியவள்தான். லேப் பாட்டிலிலேயே பிடித்துக்கொண்டுபோன தண்ணீர் சுத்தம் என்று வந்து, பூட்டைத் திறந்துவிட்டார்கள். குடங்கள் வரிசையில் வந்து உட்கார்ந்தன, ஒரு வாயும் அவளிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. மோட்டாரைப் போட்டுவிட்டு யார் முகத்தையும் பார்க்காமல் போனாள். எனக்கு வெட்கமாக இருந்தது தாயி.

குளிரில் தலைக்குக் குளித்துவிட்டு வெளியே போகாதே, மாப்பிள்ளையைச் சும்மா அதட்டாதே, இரண்டு பேரும் நோய்நொடி இல்லாமல் நிறைவாக இருங்கள். போனில் சொல்ல எனக்கு வாய் வராத ஒன்றுக்காகத்தான் இந்தக் கடிதமே. பூட்டுப் போட்ட செய்தியைக் கேட்டதும், அந்த அத்தை செய்யக்கூடிய ஆள்தான் என்று சொன்னாய். ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். மாயக்காள் நம் வாசலில் நின்றுகொண்டிருந்தாள். அவள் நம்பரைக் கடிதத்தின் பின்பக்கம் எழுதியிருக்கிறேன், மறக்காமல் கூப்பிடு.

இப்படிக்கு,
உன் அப்பா சங்கரபாண்டியன்