மென்டோசாவில் எனக்கு மட்டும் ஜூஸ்

அக். 14, செவ்வாய்

வெயில். புழுதி. கிளம்பும்போது ஆக்லாந்தில் மழை, இங்கே உதடு வெடிக்கிறது.

ஒருவழியாக அர்ஜென்டினா, மென்டோசா. ஹென்டர்சன் ஒயின் ஆலையின் லேபில் ஏழு வருடமாகப் புளிப்பும் சர்க்கரையும் அளக்கிறவளுக்கு இந்த ஊரைப் பார்க்க எவ்வளவு ஆசை இருக்கும். ஒயின் தயாரிப்பில் உதவியாளர் இடம் ஒன்று காலி. அங்கே அந்த ஊர் மால்பெக் ஒயினை ருசி பார்த்துவிட்டு வந்து உன் அபிப்பிராயத்தைச் சொல், பிறகு பேசலாம் என்றார் மேலாளர்.

நாம் இருவர் மட்டும் போவோம் என்று சேகரிடம் சொன்னேன். ஆக்லாந்தில் பிளாட் புஷ் பக்கம் இருக்கும் யோகன் அண்ணனையும் லதா அக்காவையும் சேர்த்துக்கொண்டார் என் புருஷன். நல்லவர்கள்தான். ஆனால் அவர்களிடம் நான் "ஃபுட் லேபில்" இருப்பதாகச் சொல்லிவைத்திருக்கிறார். கோயிலில் எல்லோரிடமும் அப்படித்தான். அவர்கள் எதிரில் எப்படி ருசி பார்ப்பது?

அக்காவின் பெட்டியில் ரைஸ் குக்கர். இந்த ஊர் பிளக் அச்சு அசல் நியூசிலாந்து பிளக். பொருந்தித் தொலைத்தது.

அக். 15, புதன்

முதல் திராட்சைத் தோட்டம். காலைக்கு முன்பதிவு. சோறு வேகவில்லை. வெந்த பிறகு பருப்பு, சம்பல் கட்டும் படலம். போய்ச் சேர்ந்தால் கதவு பூட்டு. மதியம் ஊரே தூங்கப் போய்விடுமாம்.

பூட்டிய கதவுக்கு வெளியே காரில் உட்கார்ந்து சம்பல் சோறு. எதிரே பனி மூடிய மலை. சோறு நன்றாக இருந்தது, அதில் இன்னும் எரிச்சல்.

வாங்க: வாசலின், தண்ணீர், தலைவலி மாத்திரை.

அக். 16, வியாழன்

மலையிலிருந்து அனல் காற்று. சோண்டா என்கிறார்கள். தலை தெறிக்கிறது.

இரண்டாவது தோட்டம். இன்று நேரத்துக்குப் போனோம். கார் ஓட்டிய அக்காவுக்குத் தண்ணீர், எங்களுக்கு மூன்று கிளாஸ். நான் வாய் திறப்பதற்குள் சேகர் ஆங்கிலத்தில் சொல்லிவிட்டார்: என் மனைவி குடிக்க மாட்டாள். என் கிளாஸ் போயிற்று. திராட்சை ஜூஸ் வந்தது, ஸ்ட்ரா போட்டு! அண்ணனும் தன் கிளாசைத் தள்ளிவைத்தார். குடித்தது சேகர் மட்டும். ஈர அட்டைப்பெட்டி வாசனை எனக்கு இரண்டடி தள்ளியே அடித்தது, கெட்டுப்போன பாட்டில். சூப்பர் என்றார்.

ஹோட்டலில் சண்டை. பக்கத்து அறைக்குக் கேட்காமல் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு.

"அவங்க கோயில் கமிட்டில இருக்காங்க. என்ன நினைப்பாங்க?"

நான் என்ன நினைப்பேன் என்று கேட்கவில்லை.

அக். 17, வெள்ளி

காற்று அடங்கியது. கடைசித் தோட்டம். இன்றும் ருசி பார்க்காவிட்டால் மேலாளரிடம் ஜூஸ் பற்றித்தான் பேச வேண்டும்.

ஊற்ற வந்தவரிடம் சேகர் கையை நீட்டி மறித்தார். அந்தக் கையைத் தாண்டிக் கிளாசை எடுத்தேன். சுழற்றி, முகர்ந்து, வாயில் உருட்டி, வாளியில் துப்பினேன். லேபில் செய்வது போலத்தான்.

மால். 1: கறுப்பு பிளம், புளிப்பு சரி.
மால். 2: மர வாசனை மிகை.
மால். 3: மிளகு, வயலட் பூ. அருமை. இதுதான்.

சேகர் முகம் வெளிறிவிட்டது. "அக்கா, அது வந்து..." என்று ஆரம்பித்தார். லதா அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மார்ச் மாசம் திராட்சை வெட்டுற நேரம் உம்மட நகமெல்லாம் ஊதாவாக் கிடக்கும். எங்களுக்கு எப்பவோ தெரியும். சேகர் தம்பிக்கு ஒரு மாதிரி இருக்கும் எண்டுதான் நாங்கள் கதைக்கேல்ல."

"ஓம். அப்ப நானும் குடிக்கலாம்தானே?" என்று அண்ணன் கிளாசை நீட்டினார். பாவம், நேற்று எனக்காகத்தான் குடிக்காமல் இருந்திருக்கிறார்.

நிம்மதி வரவேண்டும். வரவில்லை, ஆத்திரம்தான் வருகிறது. வெள்ளிக்கிழமை தவறாமல் எலுமிச்சை போட்டு நகம் தேய்த்துவிட்டுக் கோயிலுக்குப் போயிருக்கிறேன். யாருக்காக? ஊரில் ஒருவருக்கும் என் வேலை உறுத்தவில்லை. உறுத்தியது என் வீட்டில்.

அக். 18, சனி

லேசான குளிர். பெட்டி கட்ட வேண்டும். மேலாளருக்கு மெயில் போட்டாயிற்று: மூன்று ஒயின் பற்றிய குறிப்பும், அந்த இடத்துக்கு என் விண்ணப்பமும். சேகரிடம் சொன்னேன். சட்டையை மடித்துப் பெட்டியில் வைத்துக்கொண்டே கேட்டார்.

"கிடைச்சிடுச்சுன்னா, கோயில்ல கேட்டா என்ன சொல்றது?"

"யாரும் கேக்க மாட்டாங்க. எல்லாருக்கும் தெரியும்."