மின்விசிறியில் உன் சந்தனப் பொட்டு

என் செல்ல அக்காவுக்கு,

கம்ப்யூட்டரைக் கெடுத்துவிட்டேன். சுற்றி வளைத்தால் உனக்குப் பிடிக்காது, அதனால் முதலிலேயே சொல்லிவிட்டேன்.

துக்க வருஷம் என்று இந்தத் தடவை வீட்டில் ஆயுத பூஜை இல்லை. அன்றைக்குத்தானே நீ கம்ப்யூட்டர் கேபினெட்டைத் திறந்து, தூசி தட்டி, உள்ளே இருக்கும் ஃபேனுக்குக்கூடச் சந்தனம் வைப்பாய்? இந்த வருஷம் யாரும் திறக்கவில்லை. பக்கத்து வீட்டுத் தறியிலிருந்து பட்டுத் தும்பு மட்டும் வழக்கம்போலப் பறந்து வந்தது.

தை மாதம் ஆரம்பித்தது தொல்லை. ஆன் செய்த பத்தாவது நிமிஷம் தானாக அணைந்துவிடும். அம்மா தினமும் சாயங்காலம் நீ இருந்த கடைசிப் பூஜையன்று எடுத்த உன் வீடியோவைத் திரும்பத் திரும்பப் பார்ப்பாள். "இதுக்கும் ஒரு கிண்ணம் சுண்டல் வைம்மா, இல்லாட்டி கோச்சிக்கும்" என்று நீ சிரிக்கும்போதே திரை கறுத்துப்போகும். வேறெங்காவது ஒரு காப்பி போட்டு வைடா என்று அன்றைக்கே சொன்னாய். நான் எங்கே கேட்டேன்?

ராம் மெமரியைக் கழற்றி ரப்பரால் தேய்த்தேன். கரண்ட் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ் பெட்டியைப் புதிதாக மாட்டினேன். மிச்சம் ஹார்ட் டிஸ்க்தான், கோளாறு அதில்தான் என்று நானே முடிவு கட்டினேன். கழற்றும்போது கை நழுவித் தரையில் விழுந்துவிட்டது.

பெரிய காஞ்சிபுரத்துக் கம்ப்யூட்டர் கடைக்காரர் உள்ளே பார்த்துவிட்டு, "இன்னா சார், ஃபேன்ல இத்தினி தும்பு அடைச்சிக்கினு இருக்குது! சூடேறித்தான் ஆஃப் ஆயிருக்குது. தொடைச்சிருந்தாலே போதுமே, டிஸ்க்கை எதுக்கு சார் கழட்டினீங்க?" என்றார்.

அந்தத் தும்பை நான் முதலிலேயே பார்த்தேன், அக்கா. அதற்கடியில் உன் விரல் பதிந்த சந்தனப் பொட்டு காய்ந்திருந்தது. துடைத்தால் அதுவும் போய்விடுமே என்று விட்டுவிட்டேன். இதை அவரிடம் எப்படிச் சொல்வது?

டிஸ்க் இப்போது டிக் டிக் என்று அடித்துக்கொள்கிறது. சென்னையில் காட்டியும் கைவிரித்துவிட்டார்கள். அந்த வீடியோ இனி இல்லை. அம்மாவிடம் மட்டும், ஏதோ பார்ட் வரவேண்டும் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

"இன்னாப்பா, பார்ட்டு வந்துச்சா?" என்று அம்மா தினமும் கேட்கிறாள். "வரும்மா" என்கிறேன். கம்ப்யூட்டருக்கு எதிரே நாற்காலியை அதே இடத்தில் துடைத்துப் போட்டு வைத்திருக்கிறாள்.

சின்ன வயசிலிருந்து நான் எதை உடைத்தாலும் அம்மாவிடம் போய்ச் சொன்னது நீதானே? இதை யாரை விட்டுச் சொல்லச் சொல்வேன்?

இன்றைக்கு விளக்கேற்றியதும் நானே சொல்லிவிடுகிறேன், அக்கா. சத்தியம். அவள் அழுதால் என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை.

எப்போதும் உன் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்ட,
உன் தம்பி