"குளிச்சிட்டு இருக்கா"

என்னங்க,

சாப்பாடு அடுப்பு மேல் மூடி வைத்திருக்கிறேன், சூடு பண்ணிச் சாப்பிடுங்கள். குளியலறைக் குழாய் ஒழுகுவதைச் சரிபண்ண மதியம் பிளம்பர் வருவார். போன தடவை மாதிரி வாசலோடு திருப்பி அனுப்பிவிடாதீர்கள்.

நேற்று ஸ்பீக்கரில் நீங்கள் பேசியது சமையலறை வரைக்கும் கேட்டது. "பேங்க்ல இருந்து பேசறோம், உங்க பொண்ணு இருக்காங்களா?" என்றான் ஃபோனில் ஒருவன். நம் மகள் செத்து வருஷம் திரும்பப் போகிறது. நீங்களோ, "குளிச்சிட்டு இருக்கா, அப்புறமா கூப்பிடுங்க" என்றீர்கள். அதனால்தான் அப்படிக் கத்தினேன். பணம் போய்விடுமே என்று இல்லை.

அவன் பேங்க்காரனே இல்லை. எங்கேயோ அவள் பெயரைப் பிடித்திருக்கிறான். இன்றைக்கும் கூப்பிடுவான். கணக்கு முடங்கிவிடும் என்று பயமுறுத்தி, உங்கள் செல்லுக்கு வரும் ஓடிபியைக் கேட்பான். எந்த பேங்கும் அதைக் கேட்காது. உடனே கட் பண்ணுங்கள். சந்தேகமாக இருந்தால் கார்டுக்குப் பின்னால் இருக்கும் நம்பருக்கு நீங்களே போட்டுக் கேளுங்கள்.

அவள் பெயரை யாராவது சொல்லிக் கேட்க வேண்டும்போல இருக்கும், தெரியும். அதற்காக அவனிடம் பேச்சுக் கொடுக்காதீர்கள். எனக்கு ஃபோன் போடுங்கள், நான் சொல்கிறேன்.

பி.கு: பிளம்பரை இன்றைக்கு வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். செருப்பை மாட்டும்போது குளியலறைக்குள் தண்ணீர்ச் சத்தம் கேட்டது. என்னையும் அறியாமல் போய்க் கதவைத் தட்டி, "சீக்கிரம் வாடி, அப்பா குளிக்கணும்ல" என்று சொல்லிவிட்டேன்.