அது பந்து இல்லை

உன்னை எழுப்பவில்லை. உன் முகத்தில் விழிக்க வெட்கமாக இருந்தது, வேலைக்குக் கிளம்பிவிட்டேன். பிளாஸ்கில் டீ இருக்கிறது, மூடியைத் தளர்த்தி வைத்திருக்கிறேன். வலது கையால் எதையும் தூக்காதே.

காலையில்தான் பார்த்தேன். உன் மணிக்கட்டு வீங்கியிருக்கிறது. என் புது விஆர் கன்ட்ரோலரில் டீ காய்ந்திருக்கிறது. நேற்று சாயங்காலம் கண்ணை மறைக்கும் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு டென்னிஸ் ஆடினேனே, அப்போது நான் அடித்தது பந்தை இல்லை, டீ கொண்டுவந்த உன் கையை. பழைய கன்ட்ரோலர் இப்படி அதிராதே என்று பூரித்துப்போய், "அப்பப்பா, நிஜமா அடிச்ச மாதிரியே இருக்கு!" என்று வேறு கத்தினேன்.

பத்து மணிக்கு உன் அண்ணன் வருவார். கதவு இடித்தது என்று சமாளிக்காதே, உள்ளதைச் சொல். திட்டை நான் வந்து வாங்கிக்கொள்கிறேன். கார் சாவி மேசைமேல் இருக்கிறது, அவரோடு டாக்டரிடம் போ.

இன்னொன்று. நேற்று அந்த அடிக்கு அப்புறம் அரை மணி நேரம் அதே மாதிரி அடிக்கப் பார்த்தேன், அந்த அதிர்வு வரவே இல்லை. குழாயடியில் கையை நனைத்துக்கொண்டு நின்ற உன்னிடமே வந்து, "இதுல ஏதோ கோளாறு, முதல்ல அடிச்ச மாதிரி வரமாட்டேங்குது" என்று அலுத்துக்கொண்டேன்.

"இருங்க, கையைத் துடைச்சுட்டு வந்து பாக்குறேன்" என்றாய்.