உப்பலில் நிரப்பிய படிவம்

மாரெட்பள்ளி,
ஞாயிறு காலை

அன்புள்ள மஹதிக்கு,

அம்மாவின் ஆசிகள். இங்கே நானும் அப்பாவும் சௌக்கியம், அப்பாவின் ஸ்கூட்டர் மட்டும் இருமுகிறது. டொரண்டோ குளிரில் நீயும் மாப்பிள்ளையும் பத்திரமாக இருக்கிறீர்கள்தானே. ஆறு மாதமாக நீ நச்சரித்த எலும்பு ஸ்கேனை ஒருவழியாக எடுத்துவிட்டேன், முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். நம் தெருமுனையிலேயே எடுத்திருக்கலாம்தான், ஆனால் மாரெட்பள்ளியில் முப்பது வருஷம் கணக்கு சொல்லிக்கொடுத்தவளுக்கு எந்தக் கவுண்டரிலும் ஒரு பழைய மாணவன் உட்கார்ந்திருப்பான். எனக்கு எச்.ஐ.வி. இருப்பது நம் மூவருக்கும் டாக்டருக்கும் தெரிந்தால் போதும் என்று பதினாறு வருஷம் ஓட்டிவிட்டேன் இல்லையா, அதனால் ஊரின் மறுகோடியில் யாருக்கும் என்னைத் தெரியாத உப்பலுக்கு அப்பாவை இழுத்துக்கொண்டு போனேன். அங்கே ஸ்கேன் அறைக் கதவைத் திறந்தது யார் என்கிறாய், மாதங்கி! எட்டாம் வகுப்பில் கடைசி பெஞ்சில் புளிப்பு மிட்டாய் தின்று என்னிடம் மாட்டிக்கொண்டவள். படிவத்தை வாங்கிப் பார்த்தாள். என்ன மிஸ், சாப்பிடற மாத்திரைங்கற இடம் காலியா இருக்கு, விடை தெரிஞ்சும் எழுதாம விட்டா முட்டைதான்னு எங்களை மிரட்டினது நீங்கதானே, உங்களுக்கு மட்டும் நக்கோவா, எழுத வேணாமா என்றாள். சிரித்துக்கொண்டே படிவத்தைத் திரும்ப வாங்கினேன். மாத்திரைகளே நோயைச் சொல்லிவிடும் என்று தெரிந்தும் பெயர் பெயராக எழுதிக் கொடுத்தேன். அவள் படிக்கும்போது முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். படுங்க மிஸ், அசையக் கூடாது, பேசவும் கூடாது, எத்தனை வருஷமா இதைச் சொல்லக் காத்திருந்தேன் தெரியுமா என்றாள். முடிந்ததும் கையுறைகூடப் போடாமல் என் கையைப் பிடித்து இறக்கி, அப்பாவின் ஸ்கூட்டர் வரைக்கும் விடாமல் கொண்டுவந்தாள்.

ரிசல்ட் மைனஸ் ஒன்று புள்ளி ஒன்பது. யாருக்கும் மைனஸ் மார்க் போடாத எனக்கே மைனஸ்! பயப்படாதே, இடுப்பெலும்பு கொஞ்சம் மெலிந்திருக்கிறது, அவ்வளவுதான். பூச்சில் சிமென்ட் கொஞ்சம் குறைந்த சுவர் மாதிரி, வீடு நன்றாகவே நிற்கிறது. என் வயதும் நோயும் மாத்திரைகளில் ஒன்றும் சேர்ந்து செய்த வேலையாம். அந்த ஒன்றை டாக்டர் மாற்றிக் கொடுத்துவிட்டார். கால்சியத்தை மட்டும் அந்தப் புது மாத்திரையோடு சேர்த்து விழுங்காமல் அவர் சொன்ன நேரப்படி தனியாகப் போடுகிறேன். தினமும் அரை மணி நடக்கிறோம், மூச்சு வாங்குவது அப்பாவுக்குத்தான்.

நீங்கள் இருவரும் நீண்ட ஆயுளோடு சந்தோஷமாக இருக்க வேண்டும். உனக்கும் நாற்பது ஆகப்போகிறது, வெயில் வந்தால் ஜன்னலுக்குப் பின்னால் உட்காராமல் வெளியே இறங்கி நட, மறந்துவிடாதே. எனக்கு இரண்டு வருஷம் கழித்து மறுபடி ஸ்கேன். அடுத்த தடவையாவது தெருமுனையிலேயே எடுத்துக்கொள்ளேன் என்கிறார் அப்பா. அதெல்லாம் முடியாது, உப்பலில் எனக்குத் தெரிந்த பெண் இருக்கிறாள் என்று சொல்லிவிட்டேன்.

இப்படிக்கு,
உன் அம்மா
சாவித்ரி