இலையே இனிக்க வேண்டும்

உங்கள் காக்கிச் சட்டைப் பைக்குள் ஒரு மிளகாய் விதை இருந்தது அப்பா.

இன்று உங்கள் முதல் வருடத் திதி. படையலில் வைக்கச் சட்டையை இரும்புப் பெட்டியிலிருந்து எடுத்து உதறினேன். முதலில் அந்த விதை தரையில் விழுந்தது. பிறகு கொஞ்சம் பழுப்புத் தூளும், வெங்காயச் சருகு போல ஒரு துண்டு இலையும். இலையை எடுத்து முகர்ந்து பார்த்தேன். ஒரு வாசமும் இல்லை.

அது என்ன இலை என்று உங்களுக்கும் எனக்கும் தெரியும். அந்த விதை எப்படி அதோடு வந்தது என்று எனக்கு மட்டும்தான் தெரியும் என்று அப்போது நினைத்தேன்.

எனக்கு ஆறு வயது இருக்கும்போது நீங்கள் கார் ஓட்டிய மில் முதலாளி வெளிநாடு போய்விட்டு வந்தார். விமான நிலையத்திலிருந்து ஆர்.எஸ்.புரம் வீட்டில் கொண்டுபோய் இறக்கிவிட்டதும், பெட்டியைத் திறந்து உங்களுக்கு ஒரு கியூபா சுருட்டு கொடுத்தார். நீங்கள் அதை அன்றே பிடிக்கவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை நாம் பவானிக்குப் போனோம். நானும் அம்மாவும் கூடுதுறையில் குளித்துவிட்டு வரும்வரை நீங்கள் படியில் உட்கார்ந்து அதைப் பிடித்தீர்கள். தலை துவட்ட என்னைப் பக்கத்தில் இழுத்தபோது உங்கள் கையில் வெல்லம் காய்ச்சுகிற இடத்து வாசம் இருந்தது.

"எலையே இனிக்குது அம்மணி" என்றீர்கள்.

அதற்குப் பிறகு எத்தனை தடவை அந்தக் கதையைச் சொன்னீர்கள்! நீங்கள் சிறுவயதில் புகையிலைக் காட்டில் வேலை செய்தவர். இலையை அடுக்கிவைத்துக் கருப்பட்டித் தண்ணீர் தெளிப்பதை எல்லாம் கைகாட்டி விளக்குவீர்கள். "நாம தெளிக்கிற இனிப்பு நாக்கோட போயிரும். அதுல ஒண்ணுமே தடவலை. ஆனாலும் உள்ள இருந்து வருது." அம்மா முகத்தைத் திருப்பிக்கொள்வாள். "என்னையக் கட்டுனதுக்கு அந்தச் சுருட்டையே கட்டியிருக்கலாமுங்க." நீங்கள் விடமாட்டீர்கள். "கட்டியிருக்கலாம்தான். அது எதுத்துப் பேசாது."

எட்டாம் வகுப்பில் என்னை எழுப்பி நிற்கவைத்துப் பாடம் வாசிக்கச் சொன்னார்கள். எனக்குக் குரல் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. மூன்றாம் நாள் வகுப்பே சிரித்தது. இனிமேல் போகமாட்டேன் என்று வீட்டுக்கு வந்து கதவுக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டேன். அம்மா கத்தினாள். நீங்கள் வண்டிச் சாவியை ஆணியில் மாட்டிவிட்டு, "வாயி வரும்போது வரட்டும், உடு" என்றீர்கள். நான் போத்தனூரிலேயே நூல் சுற்றுகிற கம்பெனிக்கு வேலைக்குப் போனேன். அங்கே இயந்திரச் சத்தத்தில் யாரும் யாரோடும் பேச வேண்டியதில்லை. எனக்கு அது பிடித்திருந்தது.

உங்களுக்கு நுரையீரல் கெட்டுப்போய்விட்டது என்று டாக்டர் சொன்ன அன்றே அம்மா உங்கள் சுருட்டுக் கட்டை அடுப்பில் போட்டாள். இரண்டு நாள் வீடே நாறியது. பிறகு மாதம் போகப்போகச் சோறும் இறங்கவில்லை. ஒரு மத்தியானம், மருந்து வாசத்தைத் தவிர வேறு எதுவும் மூக்கில் ஏறவில்லை என்று முனகினீர்கள். சுவரைப் பார்த்துக்கொண்டே, "பத்த வெக்க வேண்டாம். பவானியில புடிச்ச அந்தச் சுருட்டை ஒருக்கா மோந்து பாத்தாப் போதும்" என்றீர்கள். அம்மாவிடம் சொல்லவில்லை, என்னிடமும் சொல்லவில்லை. நான் பக்கத்தில் முறுக்கிய போர்வையைச் சரிசெய்துகொண்டிருந்தேன்.

பிறந்ததிலிருந்து நீங்கள் என்னிடம் எதுவும் கேட்டதில்லை. இதையும் கேட்கவில்லைதான். ஆனால் எனக்கு அன்றிலிருந்து வேறு நினைப்பே இல்லை.

நம் தெரு முனைப் பெட்டிக்கடையில் நாட்டுச் சுருட்டைத்தான் காட்டினார்கள். ஆர்.எஸ்.புரத்தில் ஒரு பெரிய கடைக்குப் போனேன். கடைக்காரர், "யாருக்கு அம்மணி, உனக்கா?" என்று கேட்க, ஸ்கூட்டரில் சாய்ந்து நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள். அவர் கண்ணாடிப் பெட்டியிலிருந்து ஒன்றை எடுத்து, "இதான் ஸ்வீட்டு" என்று நீட்டினார். நுனியில் விரலை வைத்து நாக்கில் தொட்டேன். பஞ்சுமிட்டாய் மாதிரி இருந்தது. மேலே இனிப்புத் தடவியது. கீழே வைத்துவிட்டு வந்துவிட்டேன். காந்திபுரம் பஸ்ஸில் ஏறவேண்டியவள் அழுகையில் வேறு பஸ்ஸில் ஏறிவிட்டேன்.

கோட்டைமேட்டுச் சந்தில் வெளிநாட்டுச் சாமான் விற்கிற பாய் கடையைப் பற்றிக் கம்பெனியில் ஒரு அக்கா சொன்னாள். வாய் வராது என்று தெரியும். அதனால் ஒரு சீட்டில் எழுதிக்கொண்டு போய் நீட்டினேன். 'கியூபா சுருட்டு ஒன்று. இனிப்பு தடவியது வேண்டாம். இலையே இனிக்க வேண்டும்.'

பாய் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு முறை வாசித்தார். சிரிக்கவில்லை.

"யாரும்மா கேட்டது?"

"அப்பா."

"எலை தெரிஞ்ச மனுசன்" என்றார். "தடவறது வேற. எலையை அடுக்கிப் புழுங்க வெக்கறதுலயே ஒரு இனிப்பு வரும். எல்லாத்துலயும் வராது. அடுத்த வெள்ளி கழிச்சு வாங்க."

போனேன். ஒரு மரப்பெட்டியைத் திறந்து இரண்டை எடுத்து என் முன்னால் வைத்தார். மோந்து பார்க்கச் சொன்னார். எனக்கு வெட்கமாக இருந்தது. ஒன்றில் தோலும் மிளகும் மாதிரி வாசம். இன்னொன்று கொஞ்சம் வெளிர்நிறம். அதில் காய்ந்த திராட்சையும், புதிதாக இழைத்த பலகையும், அடியில் தேனும். ஆறு வயதில் உங்கள் கையில் இருந்த வாசம் அப்படியே வந்தது. நான் அதைத் தொட்டுக் காட்டினேன். பாய் அதை ஒரு கவரில் போட்டு, ஈரத்துணித் துண்டு ஒன்றையும் உள்ளே வைத்து மடித்தார். "இப்படியே கொண்டுபோய்க் குடுத்துருங்க."

அப்படியே கொடுத்திருப்பேன் அப்பா. வீட்டுக்கு வந்தால் கதவு பூட்டியிருந்தது. மூச்சு வாங்கி உங்களை ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள்.

வழியெல்லாம் சாரல். இரவு கவரைப் பிரித்தால் உள்ளே நனைந்திருந்தது. அந்தத் துணியை எதற்கு வைத்தார் என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை. துடைக்கத்தான் வைத்திருப்பார், மழை உள்ளே போய்விட்டது என்று நினைத்தேன். நம் வீட்டில் ஈரம் என்றால் பூசணம். அரிசியோ பருப்போ கோரைப்பாயோ, எதுவாக இருந்தாலும் அம்மா வெயிலில் போட்டுத்தானே எடுத்துவைப்பாள். எனக்குத் தெரிந்த ஒரே வழி அதுதான். மழை விட்டதும் மொட்டைமாடியில் மிளகாய் காய்ந்த முறத்தின் ஓரத்தில் சுருட்டை வைத்தேன். நான்கு நாள் நல்ல வெயில். காக்கா வராமல் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.

உங்களை வீட்டுக்குக் கூட்டிவந்த அன்று, அம்மா தண்ணீர் பிடிக்கப் போன நேரம் பார்த்து உங்கள் கையில் கொடுத்தேன். உங்கள் முகம் எப்படி மாறியது! எழுந்து உட்கார்ந்தீர்கள். அதைக் காதுக்குப் பக்கத்தில் வைத்து இரண்டு விரலால் மெதுவாக உருட்டினீர்கள். சருகு மிதித்த மாதிரி ஒரு சத்தம் கேட்டது. விரல் நின்றுவிட்டது. ஒரு துண்டு உதிர்ந்து போர்வையில் விழுந்தது. நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். பிறகு மூக்கில் வைத்து நன்றாக இழுத்தீர்கள். தும்மல் வந்தது. அடுக்கடுக்காக ஏழெட்டுத் தும்மல். கண்ணெல்லாம் தண்ணீர்.

"அதேதான் அம்மணி" என்றீர்கள். "எலையே இனிக்குது."

அம்மா குடத்தோடு வந்து, "இதென்னுங்க கூத்து?" என்றாள். நீங்கள் நீட்டினீர்கள். முகர்ந்து பார்த்தாள். "மொளகா நெடிதான் அடிக்குது."

"உனக்கு மூக்கு அவ்வளவுதான்" என்று சட்டைப் பையில் வைத்துக்கொண்டீர்கள். யார் பார்க்க வந்தாலும் பையைத் தட்டி, "எம் புள்ள போய்க் கடையில கேட்டு வாங்கியாந்தா" என்று சொன்னீர்கள். ஒன்பது நாள் சொன்னீர்கள். பத்தாம் நாள் நீங்கள் இல்லை.

இந்த ஒரு வருடமாக எனக்கு இருந்த ஒரே ஆறுதல் அதுதான். அப்பாவுக்குப் பிடித்ததைக் கடைசியில் கொண்டுவந்து கொடுத்தோம் என்பது.

இன்று காலை விதையைப் பார்த்ததும், படையலுக்கும் அதே சுருட்டை வைக்க வேண்டும் என்று தோன்றியது. பாய் கடைக்குப் போனேன். சீட்டு எழுத மறந்துவிட்டேன் என்பதே அங்கே போய் நின்ற பிறகுதான் நினைவு வந்தது.

"ஏனுங்க பாய், கியூபா சுருட்டு ஒண்ணு வேணுமுங்க. தடவுனது வேண்டாம். எலையே இனிக்கோணும்."

கடையில் நாலைந்து பேர் இருந்தார்கள். எல்லோருக்கும் கேட்டது. பாய் சிரித்துக்கொண்டே பெட்டியைத் திறந்தார். "போன தடவை அப்பாவுக்குப் புடிச்சுதா?" என்று கேட்டார். ரொம்பப் பிடித்தது என்றேன். மழையில் நனைந்ததை நான்கு நாள் வெயிலில் காயவைத்துக் கொடுத்ததையும் சொன்னேன், பெருமையாக.

பாய் கை அப்படியே நின்றது. "அது மழைத்தண்ணி இல்லம்மா. ஈரம் போகாம இருக்க நான்தான் துணி வெச்சேன். காஞ்சா அதுல ஒண்ணுமே நிக்காது." பிறகு தாழ்ந்த குரலில், "அவரு எலை தெரிஞ்சவராச்சே. கையில எடுத்ததுமே தெரிஞ்சிருக்கும்" என்றார்.

காதில் வைத்து உருட்டியபோது உங்கள் விரல் நின்றது எனக்கு இப்போதுதான் புரிந்தது.

பாய் புதிய சுருட்டையும் ஈரத்துணித் துண்டையும் கவரில் வைத்துக் கொடுத்தார். போத்தனூர் வரும்வரை அதை மடியில் இரண்டு கையாலும் பொத்திப் பிடித்துக்கொண்டு வந்தேன்.

மத்தியானம் படையல் போட்டோம். உங்கள் சட்டை, கம்பஞ்சோறு, கருவாட்டுக் குழம்பு. சுருட்டைப் பற்றவைத்துத்தான் வைக்க வேண்டும் என்று அம்மா தீப்பெட்டியை நீட்டினாள். "வேண்டாமுங்கம்மா, மோந்து பாத்தாப் போதும்னுதான் சொன்னாங்க" என்றேன். அவள் தீப்பெட்டியை முந்தானையில் முடிந்துகொண்டாள்.

வாசலில் முறத்தில் மிளகாய் காய்ந்துகொண்டிருந்தது. ஜன்னலைச் சாத்தினேன். துணியை நனைத்துப் பிழிந்து, சுருட்டைச் சுற்றி உங்கள் சட்டைப் பையில் வைத்தேன்.