சாப்பிட வரும் நெருப்புக்கோழி

வளர்மதி அக்கா,

ஜெயங்கொண்டம் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. யாழினி தூங்குகிறாள். இட்லி ஹாட்பாக்ஸில் இருக்கிறது.

நேற்று சஃபாரி பூங்காவில் ஒரு நெருப்புக்கோழி கார் ஜன்னலுக்குள் தலையை விட்டு அவள் பிஸ்கட்டைப் பிடுங்கியது. அவள் அழவில்லை. "வூட்டுக்கு வா, சோறு தரேன்" என்று கூப்பிட்டாள். வரும் என்று நானும் சொல்லித் தொலைத்தேன். எழுந்ததும் அதற்கும் தட்டு வைக்கச் சொல்வாள். வைத்துவிடு.

"துக்க வருஷத்துல மிருகம் பாக்கப் போறியாடா?" என்று திட்டினாய். மேகலா செத்துவிட்டாள் என்று அவள் பெற்ற பிள்ளையிடம் தனியாகச் சொல்லத்தான் கூட்டிப்போனேன். வாயெடுத்தபோதுதான் அந்தக் கோழி தலையை விட்டது.

அம்மா நாளைக்கு வரும் என்று இனி நீயும் சொல்லாதே. சாயங்காலம் வந்து நானே சொல்கிறேன்.

ஜெயப்பிரகாஷ்

பி.கு.: கோழி வராது என்பதை மட்டும் மத்தியானமே நீ சொல்லிவிடு. இரண்டையும் என்னால் சொல்ல முடியாது.